லோயர் சத்தியசீலன் சொன்னது

உங்கள் ஆபீசுக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் பால் விடாத தே-ஓ நன்றாக இருக்கிறது, வக்கீலம்மா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். ஆறு தடவை அங்கே உட்கார்ந்து குடித்திருக்கிறேன். மாடிப்படி ஏறியது இன்றைக்குத்தான்.

என் பெயர் லோகேஸ்வரி. பாக்கார் ஆராங்கில் வீடு. வந்தது சாந்தினி விஷயமாக. என் தங்கை மகள். பாடாங் மேஹா தோட்டத்தில் தங்கை செத்தபோது அதற்கு ஒன்பது வயது. கூட்டிக்கொண்டு வந்து நான்தான் வளர்த்தேன். இப்போது முப்பத்திரண்டு, ஃபேக்டரியில் சூப்பர்வைசர். திவாலாகிவிட்டாள். எப்படி ஆனாள் என்று கேட்டீர்கள். எனக்கு எதுவுமே பேச்சாகத்தான் ஞாபகம் இருக்கும். அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயர் கொடுத்தாள். நம் ஆட்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பளச் சீட்டு இருக்கிறவர்கள், இல்லாதவர்களுக்காக பேங்கில் கையெழுத்துப் போடுவார்கள். கடன் என்ற சொல்லே வராது.

"சமைக்கிற குசினியப் பின்னால இழுத்துக் கட்டணும் சாந்தினி. பேரு மட்டும் குடு."

"பேரு தானே பெரியம்மா, எடுத்துக்குங்க லா."

குசினி வந்தது. பிறகு கூரை, ஏர்கான், சோபா. தவணை கட்ட ஒரு கார்டு, அந்தக் கார்டைக் கட்ட இன்னொரு கார்டு. பேங்கிலிருந்து போன் வந்தால் ஃபேக்டரி டாய்லெட்டுக்குள் போய் நின்று பேசுவாள். ஒரு நாள் சொன்னாள்: "மூச்சு விட முடியல பெரியம்மா. காசு வாங்காம பாக்குற லோயர் இருக்காங்களாம். எனக்கு லீவு கிடைக்காது. நீங்க போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

அந்தச் சமயத்தில்தான் புவனேஸ்வரன் அவளைப் பெண் கேட்டு வந்தான். சிங்கப்பூரில் வேலை. நல்ல பையன், குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே போய்விடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

"நீங்க தனியா இருந்துக்குவீங்களா பெரியம்மா?"

"எனக்கென்ன, ராணி மாதிரி இருப்பேன்."

உங்களைப் பார்க்கத்தான் அன்றைக்கு பஸ் ஏறினேன். கால் வலித்தது, மாடி ஏறாமல் கீழே கடையிலேயே உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"திவால் போட்டுட்டாங்கன்னா மலேசியாவத் தாண்டி ஒரு காலு வைக்க முடியாது மச்சான். பாஸ்போர்ட்டே குடுக்க மாட்டான்."

"அப்ப லங்காவி?"

"டேய், லங்காவித் தீவு நம்ம கெடா மாநிலம் தாண்டா."

நானும் சிரித்தேன். தே-ஓவைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"லோயர் என்ன சொன்னாரு?"

"பேரு சத்தியசீலன். கண்ணாடி போட்டிருக்காரு. பயப்படாதேன்னாரு. எந்தக் கடுதாசி வந்தாலும் பதில் போட வேணாமாம். அவங்களே சலிச்சுப்போய் விட்டுருவாங்களாம்."

அன்றைக்கு அவள் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

கோர்ட்டு ஆள் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் அவள் வேலையில் இருந்தாள். "அப்படி யாரும் இங்க இல்ல தம்பி" என்றேன். நாலாவது முறை நோட்டீசை கேட்டில் ஒட்டிவிட்டுப் போனான். பசை காய்வதற்குள் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டினேன். பெயிண்ட் கொஞ்சம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாந்தினிதான் புதிதாக அடித்துக் கொடுத்தாள்.

தீபாவளிக்கு லோயருக்கென்று ஒரு டின் அச்சு முறுக்கு கொடுத்து அனுப்பினாள். கீழே கடையில் உட்கார்ந்து தே-ஓவோடு நான்தான் சாப்பிட்டேன். "நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சாம்" என்று வந்து சொன்னேன். அது பொய்யில்லை.

பாஸ்போர்ட் எடுக்கப் போனவளை கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நான் திவாலாம் பெரியம்மா. என் பேரு உள்ள மாட்டிக்கிச்சாம். லோயர் அப்படிச் சொல்லலையே."

"அவரு நல்லவரு. அவரையும் ஏமாத்திட்டாங்க போல. நீ வேலைக்குப் போ. ஆபீஸ் அலைச்சல் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

புவனேஸ்வரன் எட்டு மாதம் காத்திருந்தான். அதற்கு மேல் யார்தான் காத்திருப்பார்கள்? சாந்தினி அழவில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், டிவி முன்னால் உட்கார்ந்து என் காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். வீடு அமைதியாக இருக்கிறது.

இன்றைக்கு ஏன் மேலே ஏறி வந்தேன் என்றால், ஃபேக்டரியில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏதோ ஒரு ஃபாரத்தை திவால் ஆபீசில் எழுதிக் கொடுத்தால் மூன்று வருடத்தில் பெயர் வெளியே வந்துவிடுமாம். "லோயரக் கேட்டுப் பாருங்க பெரியம்மா" என்றாள். இதற்கு சத்தியசீலன் போதாது. சரியான பதில் வேண்டும்.

அந்த ஃபாரம் தபாலில் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. என் தலையணை உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. கொடுத்த நாளிலிருந்துதான் மூன்று வருடம் என்று சற்று முன்னால் சொன்னீர்கள். அப்படியென்றால் கொடுக்காத வரைக்கும் அது ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, இல்லையா? அதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் வந்தேன்.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், வக்கீலம்மா. பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?