மூடாத மூலை

காலையில் எழுந்ததும் முதலில் பால் பாக்கெட்டைத்தான் எடுப்பேன். கேட்டில் மாட்டியிருக்கும் பையில் பால்காரர் போட்டுவிட்டுப் போயிருப்பார். குளிர் மாதங்களில் ஓசூரில் அது கையில் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். கழுவி, வெட்டி, அடுப்பில் வைப்பேன். பால் பொங்குவதற்குள் பல் தேய்த்துவிடுவேன். காப்பி குடித்துவிட்டு ஹால் தரையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். பிறகு குளியல், கம்பெனி பஸ். ரஞ்சிதா இருந்தபோதும் இதே வரிசைதான். அவள் போன பிறகும் இதே வரிசைதான். கழுவ வேண்டிய டம்ளர் ஒன்று குறைந்திருக்கிறது.

தரையைத் தடவுவது நூலுக்காக. துடைப்பத்தில் சிக்காத சின்னச் சின்ன நூல் துண்டுகள். அவள் சேலையில், தலையில், சில நாள் சாம்பாரில்கூடக் கிடக்கும். இப்போது நூல் இல்லை. கை பழகிவிட்டது, தடவுகிறேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு. ஃபர்னஸ் பக்கத்திலேயே வேலை. எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணம் முடிந்த கையோடு ரஞ்சிதாவை இங்கே கூட்டி வந்தேன். வந்த புதிதில் அவளுக்கு இங்கே யாரையும் தெரியாது. நான் வேலை முடிந்து வரும்வரை ஜன்னலருகே உட்கார்ந்திருப்பாள். அது நல்ல காலம்.

எங்கள் லேஅவுட்டில் சரோஜம்மாள் வீட்டு மொட்டைமாடியில் மத்தியான நேரம் பெண்கள் கூடுவார்கள். பிறகு ரஞ்சிதாவும் அங்கே போக ஆரம்பித்தாள். லேஅவுட் இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் சரோஜம்மாளின் மாமனார் ராகி விதைத்த நிலம். நிலம் போய்விட்டது, அதிகாரம் போகவில்லை. கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து இங்கே வாழ வந்த கெம்பம்மாதான் தையல் சொல்லிக்கொடுப்பவள். அவர்கள் தைப்பது கௌதி. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கடுக்காக விரித்து, மேலே கலர் கலராகத் துண்டுத் துணிகளை வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போவார்கள். போர்வை கனமாக இருக்கும். கனமாக இருப்பதாலேயே நல்லது என்று நினைத்துக்கொள்வார்கள். கிழிந்ததைக் கிழிந்ததோடு சேர்த்துத் தைத்தால் புதிதாகிவிடும் என்று நம்புகிறவர்களிடம் என்ன பேச முடியும்.

மார்கழி பிறந்தால் வேலை வேகம் பிடிக்கும். வாட்ச்மேனுக்கும் குப்பை அள்ள வருகிறவர்களுக்கும் பொங்கலன்று ஆளுக்கொரு கௌதி கொடுப்பது அவர்கள் வழக்கம். கொடுக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போர்வை வாங்கியவரைவிடக் கொடுத்தவர்களின் முகம்தான் அதில் சூடாக இருக்கும்.

தைத்து முடித்ததற்குச் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். தணல் சட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கௌதியை விரித்துவிடுவார்கள். பூச்சி வராதாம். பழைய சேலையில் ஒட்டியிருக்கும் துக்கமும் போய்விடுமாம். இதை மாடிப்படியில் நின்று பல முறை பார்த்திருக்கிறேன். பார்த்த அளவு போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் வீடு பூட்டியிருந்தது. ரஞ்சிதாவைக் கூட்டிவர மாடிக்குப் போனேன். படி ஏறும்போதே அவள் சிரிப்புக் கேட்டது. வாயைத் திறந்து, உடம்பு குலுங்க, மூச்சு வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குழாயை மூடியது மாதிரி நின்றது.

“வாங்க இன்ஜினியர் தம்பி,” என்றாள் பொற்கொடி. அவள் வீட்டுக்காரன் எங்கள் கம்பெனியில்தான் காண்டிராக்ட் ஃபிட்டர். “தரையைத் தடவிப் பாத்துட்டு உக்காருங்க. நூலு கீலு கெடக்கப் போவுது.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“சும்மா இரு புள்ள. வேலைக்குப் போய்ட்டு வந்த மனுசன்,” என்றாள் சரோஜம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டே.

கெம்பம்மா மட்டும், “ஊட்டா ஆயித்தா?” என்றாள். எந்த நேரமானாலும் எவரைப் பார்த்தாலும் சாப்பாடாச்சா என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே விசாரிப்பு.

என் வீட்டுக்குள் நடப்பது அந்த மாடியில் துண்டு துண்டாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ரஞ்சிதாவிடம் நான் கத்தவில்லை. நான் கத்துகிறவன் இல்லை. நான்கு நாள் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் அவளே வந்து, “விளையாட்டுக்குச் சொன்னேங்க. அவங்களும் விளையாட்டாத்தான் எடுத்துக்கிட்டாங்க,” என்றாள். சரி என்றேன்.

அதன் பிறகு மாடிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டிலேயே ஒரு கௌதியை விரித்து வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் கட்டிய சேலைகள், என் பழைய கம்பெனிச் சட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. சட்டையை வெட்டுமுன் என்னைக் கேட்டாளா என்று நினைவில்லை. கேட்டிருப்பாள்.

பொங்கல் நெருங்கும்போது ஒரு நாள் சாயங்காலம், நான் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன். கௌதியின் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்திருந்தது.

“இந்த மூலையில ஒரே ஒரு தையல் போட்டுத் தாங்களேன்.”

“இந்தக் கந்தலுக்கா?”

“ஒண்ணே ஒண்ணுங்க. கோணலா இருந்தாலும் பரவாயில்ல.”

“எனக்கு வேற வேலை இருக்கு.”

“சரி, பொங்கலுக்குள்ள போட்டுத் தாங்க,” என்று எழுந்து போனாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த மாடியில் பழகியவர்களுக்கு எல்லாமே விளையாட்டுத்தான்.

இனி டிக்கெட் விஷயம். போகியன்று சாயங்கால ரயிலில் ஊருக்குப் போவதாக இருந்தோம். முன்பே பதிவு செய்தது. போகிக்கு முந்தின நாள் ரஞ்சிதா, “ஒரு நாள் தள்ளிப் போலாமாங்க? பொங்கலன்னிக்கு கௌதி குடுக்கறாங்க. நானும் நின்னு குடுத்துட்டு ராத்திரி பஸ்ல கிளம்பிடலாம்,” என்றாள்.

ஒரு நாள். இதற்காகவா என்று நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறீர்கள். எந்த விஷயத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கும். என் அம்மா அப்பா காத்திருக்கிறார்கள். நான் காத்திருக்கிறேன். குப்பை அள்ளுகிறவருக்குப் போர்வை கொடுப்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் மனதில் எனக்கு இடமே இல்லை என்று எனக்கு அப்போது தெளிவாகிவிட்டது. தெளிவான பிறகு எனக்குக் கோபம்கூட வரவில்லை.

போகியன்று விடிந்ததும் தெருவில் பழைய பாய், கிழிந்த டயர் எல்லாம் எரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தப்படித்துக்கொண்டு திரிந்தன. பனியும் புகையும் சேர்ந்து எதிர்வீடு தெரியவில்லை. எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள், நானும் சாத்தினேன். ரஞ்சிதாவுக்கு லேசான காய்ச்சல். சின்ன அறையில் அந்தக் கௌதியையே போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். ராத்திரி நான் ஹாலில் படுத்தேன். ஊசியை மூலையில் குத்தி வைத்திருந்தாள். குளிருது என்றாள்.

சரோஜம்மாளின் தணல் சட்டியும் கூடையும் எங்கள் வீட்டில்தான் இருந்தன. சட்டியைத் தேய்த்துத் தருவதாக ரஞ்சிதா வாங்கி வந்திருந்தாள். பின்பக்கம் கரி மூட்டினேன். நன்றாகக் கனன்றதும் சட்டியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

குளிருகிறது என்றாள், வைத்தேன். முதலில் வந்த இன்ஸ்பெக்டரிடம் இதைக்கூடச் சொல்லவில்லை. அவளே வைத்துக்கொண்டாள் என்றேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் விசாரித்திருப்பீர்கள். திங்கள்கிழமைதோறும் புதிதாக வரும் காண்டிராக்ட் பையன்களுக்கு நான்தான் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் சின்ன மீட்டரைக் காட்டிச் சொல்வேன்: கரி கனன்றாலே வரும் இந்த கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். தூங்கிவிட்டால் எழுந்திருக்க மாட்டீர்கள். ஒரு வருடமாக அதே வார்த்தைகள்தான். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

கதவைச் சாத்தினேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். அது தேவைப்படவில்லை. அவள் எழுந்து வரவில்லை, தட்டவுமில்லை. நான் ஒரு பழைய தலையணையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் நெருப்பில் போட்டேன். பொற்கொடியின் வீட்டுக்காரன் பக்கத்தில் நின்றான். ஃபர்னஸ்காரருக்கு இந்த நெருப்பெல்லாம் எந்த மூலைக்கு என்றான். இருவரும் சிரித்தோம்.

வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்து எல்லாக் கதவையும் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். அவள் மேலிருந்த கௌதியை எடுத்தேன். சட்டியில் சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து, மேலே கௌதியை விரித்தேன். மாடியில் பார்த்தபடியே செய்தேன். பிறகு சத்தம் போட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன்.

கௌதிக்குப் புகை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்துவிட்டாள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சரோஜம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “நான் குடுத்த சட்டிதானே சாமி. என் கையாலதானே குடுத்தேன்,” என்று அழுதாள். கெம்பம்மா யாரையும் சாப்பாடாச்சா என்று கேட்கவில்லை. பொற்கொடி என் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். அந்த வருடம் அவர்கள் யாருக்கும் போர்வை கொடுக்கவில்லை. அவர்கள் அழுததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று சரோஜம்மாள் கேட்டாள். கௌதியை முடிக்கணும் என்றாள் என்று சொன்னேன். இன்னும் கொஞ்சம் அழுதாள்.

மாசியில் போலீஸ் அந்தக் கௌதியைத் திருப்பிக் கொடுத்தது. வீட்டில் வைத்துக்கொள்ள விருப்பமில்லை. பொற்கொடியிடம் கொடுத்து வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். அன்று சாயங்காலமே மூன்று பேரும் வந்தார்கள். யாரும் அழவில்லை. சரோஜம்மாள் கௌதியை ஹாலில் விரித்து ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினாள். விரல் நுழையும் அளவு திறந்திருந்தது. ஊசி அங்கேயே குத்தியிருந்தது.

“மூலை மூடலயேப்பா.”

“அதனால என்ன?”

“மூடாத கௌதிக்கு அவ எப்படிப் பொகை போடுவா?”

எனக்குப் புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. அந்தப் பெண்களின் எந்தப் பேச்சையும் நான் காதில் வாங்கியதில்லை.

கெம்பம்மா சொன்னாள்: “போத்திப் படுக்கறவங்கதான் கடைசித் தையல் போடணும். அதுக்கு முன்னால பொகை காட்டறது இல்ல, வாட்ச்மேனுக்குக் குடுக்கறதுன்னாலும். இது எங்க வழக்கம். அவளுக்கு நல்லாத் தெரியும்.”

“அவளே போட்டிருக்கலாமே,” என்றேன்.

“அவ மூணு மூலைய மூடிட்டா,” என்றாள் பொற்கொடி. “இது உங்க மூலை. உங்களுக்குத்தான் தெச்சா. ஃபர்னஸ் சூட்டுல நின்னுட்டு வெளிய வந்தா அவருக்கு ஒடம்பு வெடவெடங்குது அக்கான்னு மாடியில சொல்லிச் சொல்லி மாளாது அவளுக்கு. நீங்க ஒரு தையல் போடறதுக்காகக் காத்துக்கிட்டிருந்தா.”

பிறகு கௌதியை மடித்து எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறார்கள். முன்பிருந்த இன்ஸ்பெக்டராக இருந்தால் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். நீங்கள் அந்த ஊசியைத் தனியாகக் கவரில் போட்டு எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒரு திறந்த மூலை கோர்ட்டில் நிற்காது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பயந்து நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பெண்கள் சேர்ந்து என் வீட்டுக்குள் எனக்குத் தெரியாத ஒரு ரஞ்சிதாவைத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துக் காட்டத்தான் சொல்கிறேன். ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அவளுக்கு என்மேல் பிரியம் ஒன்றுமில்லை என்பதால் செய்தேன். கூட வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரியாதா?

கௌதியை முடிக்கணும் என்று அவள் சொன்னதாக நான் சொன்னது பொய்தானே என்கிறீர்கள். பொய்தான். வழக்குக்கு அது தேவையில்லை. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன்.

சட்டியை வைத்துவிட்டு நான் கதவை இழுத்தபோது அவள் கண்ணைத் திறந்தாள். சுவரை ஒட்டி நகர்ந்து படுத்து, கௌதியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஹால்ல குளிருமேங்க. நீங்களும் உள்ள வந்து படுங்களேன்.”