பிரேக்கு பிடிக்காத ஜீப்பு

அன்று போடிமெட்டிலிருந்து இறங்கிய பஸ்சில், எனக்கு முன் சீட்டில் ஏலத்தோட்டத்து ஆட்கள் இருவர்.

"வேலை போயிருச்சு மாப்ளே, மனசு பறக்குது" என்றார், கழுத்தில் சிலுவை போட்டிருந்தவர்.

"கிறுக்கா ஒனக்கு?"

"ஜீப்பு கவுந்துச்சுல்ல? டிரைவர் குடிச்சிருந்தான்னு போடி போலீஸ் ஸ்டேசன்ல சொல்லச் சொன்னாரு மொதலாளி. அவன் காலொடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கான். பிரேக்கு பிடிக்கலன்னு அவன் மொதலாளிகிட்டச் சொன்னத நான் கேட்டேன். அதையே ஸ்டேசன்ல சொல்லிட்டேன்."

"வேதக்காரனுக்குப் பொழைக்கத் தெரியலன்னு சிரிப்பாய்ங்க."

"சிரிச்சாய்ங்க. 'ஒங்க ஏசு சோறு போடுவாரா'ன்னு கணக்குப்பிள்ளை கேட்டாரு. 'பொய் சொல்லிட்டு அவருகிட்ட எப்படிய்யா செபம் பண்ணுவேன்'னேன். ஸ்டேசன்ல சொல்றப்ப நாக்கு கொழறவே இல்ல. எனக்கே ஆச்சரியம் மாப்ளே."

மலையடிவாரத்தில் முந்தல் வந்ததும் மற்றவர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்:

"எனக்குச் சாமி கீமி கெடையாது. ஆனா டிரைவர் அதச் சொன்னப்ப நானுந்தான நின்னேன்."

"ஆமா."

"ஒத்த ஆளு சொன்னா ஒதுக்கிருவாய்ங்க மச்சான். வா, ஸ்டேசனுக்குப் போவோம். நானும் சொல்றேன்."

போடியில் பஸ் நிற்பதற்குள் முதலில் குதித்தவர் அவர்தான்.