தலைக்குக் கீழே ஒரு விரல் அகலம்

எங்கள் பட்டறையில் காபி நன்றாக இருக்கும். ஆறுவதற்குள் குடியுங்கள் ஐயா, சொல்கிறேன்.

எங்கள் மார்க்நொய்கிர்ஷன் ஊரில் வயலின் வில் செய்பவர்கள் கலகலப்பானவர்கள். அதிலும் அர்னுல்ஃப் பக்கத்தில் இருந்தால் உளி தானாக ஓடும். வில்லின் கம்பைச் சூடு காட்டி வளைக்கும்போது, சூடு நடுமரம்வரை போயிற்றா என்ற சந்தேகம் எனக்குத் தீராது. அவன் விடமாட்டான்.

"என்னடா வின்ஃப்ரீட், வில்லு வளைக்கிறியா, உருளைக்கிழங்கு வறுக்கிறியா? வெந்தா எனக்கும் ஒரு தட்டு வை."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அந்த அர்னுல்ஃப், தனித்தொழில் உரிமை தரும் மாஸ்டர் தேர்வுக்குப் பெயர் கொடுத்தான். தேறினால் லைப்சிக்கில் தனிப் பட்டறை, வில்லில் தன் பெயர் முத்திரை. அவன் மனைவி ட்ராவுடல் அங்கே வீடுகூடப் பார்த்துவிட்டாள். அவன் இல்லாத பட்டறையை நினைத்துப் பார்த்தேன். நன்றாக இல்லை.

தேர்வுக்கான அவன் வில் தயாரானதும், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், வில் நுனியில் இருக்கும் தலைக்குக் கீழே ஒரு விரல் அகலத்தை ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். சூடு மிஞ்சினால் உள்நார் வறண்டுபோகும். மேலே கருத்ததை எண்ணெய் தேய்த்து மறைத்தேன். சரியாகச் செய்தேனா என்ற கவலை தேர்வு நாள்வரை இருந்தது.

சரியாகத்தான் செய்திருந்தேன். நடுவர்கள் முன்னால், வில்லைச் சோதிக்க வந்த வாத்தியக்காரர் அழுத்தி இழுத்தார். வில்லின் தலை முறிந்து தெறித்ததில் அவருக்கு இடது கண் போயிற்று. அதை நான் எதிர்பார்க்கவில்லை, வருத்தம்தான்.

அந்த இடத்தில் வில் முறிந்தால் எங்கள் ஊரில் யாரும் காரணம் தேடுவதில்லை. வளைத்தவன் அவசரப்பட்டான், அவ்வளவுதான். அர்னுல்ஃபே அப்படித்தான் நம்பினான். அதன்பிறகு விளக்குப் பக்கமே போகவில்லை. நான்தான் முதலாளியிடம் பேசி, வில்லில் கட்டும் குதிரைமுடியைக் கழுவிச் சீவும் வேலையை வாங்கிக் கொடுத்தேன். என் மேசைக்குப் பக்கத்திலேயே.

போன வசந்தத்தில் மெதுவாகக் கேட்டான். "திரும்ப ஒண்ணு வளைச்சுப் பாக்கட்டுமாடா?"

தைரியம் சொன்னேன். அருமையான வில் ஒன்று செய்தான். அதற்கும் ஒரு விரல் அகலம் சூடு காட்டினேன். அவன் கையிலேயே முறிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

இப்போது அவன் அதிகம் பேசுவதில்லை. வேடிக்கைப் பேச்சை இருவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன். நேற்றுகூட ட்ராவுடல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இல்லன்னா இவரு என்ன ஆயிருப்பாரோ, அண்ணே."

என் கோட்டை மாட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் ஒன்று யோசியுங்கள், ஐயா. என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அவனை யார் கவனித்துக்கொள்வார்கள்?