சூளையாட்டம் சூடேற்றிக்கொண்டவள்

விருத்தாசலம் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் பீங்கான் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். சுடிதாரும் ஷூவுமாக இருந்த இளையவள் சொன்னாள்:

"என்னையும் சூளையாட்டம்தான் சூடேத்தணும்க்கா."

"என்னாடி ஒளர்ற?"

"எடுத்ததும் தீய ஏத்துனா கப்பு வெடிச்சிடுதுல்ல? போன மாரத்தான்ல நானும் எடுத்ததும் வேகமா ஓடினேன். கெண்டக்கால் புடிச்சிக்கிச்சு, பாதியிலயே ஒக்காந்துட்டேன். இப்ப மொதல்ல நடை, அப்புறம் மெதுவா ஓட்டம். ஒடம்பு சூடானப்புறந்தான் ஒரு கரண்டு கம்பம் வரைக்கும் வேகமா, அடுத்த கம்பம் வரைக்கும் மெதுவா."

"இந்தத் தடவ முடிச்சிடுவியா?"

பஸ் நின்றது. இளையவள் எழுந்தாள்.

"கம்பெனிக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குதுடி!"

"மெதுவா ஓடித்தான் பஸ்ஸ புடிச்சேன்க்கா. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள எறங்குறேன். டிபன் பாக்ஸ நீங்க எடுத்துட்டு வாங்க. கேட்டுல நின்னு வாங்கிக்கிறேன்."