பெரிய வியாழனுக்குப் பன்னெண்டு பேர்

— தண்ணிய மாத்துவீங்களான்னு கேக்குறான், மேரி.

— எந்தத் தண்ணியங்க? மொதல்ல குந்துங்க. மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது.

— காலு கழுவுற தண்ணிய. நாளன்னிக்குப் பெரிய வியாழன் பூசையில, ஏசு சீடருங்களுக்குக் கழுவுன மாதிரி பங்குச்சாமி பன்னெண்டு பேரு காலக் கழுவணுமில்ல, அதுக்கு ஆளு சொல்லத்தான் சூசைநாதன் வூட்டுக்குப் போனேன். வருசா வருசம் வர்றவன். 'வந்துரு சூசை'ன்னு சொல்லிட்டுத் திரும்புறேன், கூப்பிட்டு நிறுத்திக் கேக்குறான். 'உபதேசியாரே, எனக்கு முன்னால பவுல்ராஜ் காலக் கழுவுனா, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு எனக்கு வேற தண்ணி ஊத்துவீங்களா?'ன்னு.

— மாதாவே. சும்மா வெளயாட்டுக்குக் கேட்டிருப்பாருங்க.

— வெளயாட்டுக்குக் கேக்குறவன் சிரிப்பானில்ல? ஆடு வாங்குறவன் வெல கேக்குற மாதிரி கேக்குறான். அவங்க அப்பாரு காலத்துல சாதி பாத்து யாரு யாரு தண்ணிய மாத்தச் சொன்னாங்கன்னு அவனுக்குத் தெரியாதா? அதே வார்த்தைய இவன் பங்காளியப் பாத்து சொல்றான். எதுக்கு? ரெண்டு பேரும் வேற வேற கட்சி, அதுக்கு.

— போன வருசம் ரெண்டு பேரும் சோடியாத்தான குந்துனாங்க.

— சோடியா மட்டுமா? சூசை பொண்ணு அனிஷாவுக்கு வலி வந்தப்ப ரோட்டுல வண்டி கெடைக்கல. பவுல்ராஜ் டிராக்டர்லதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்க பொறந்த புள்ளைக்குப் பேரு வெச்சதே பவுல்ராஜ் பொஞ்சாதி.

— நீங்க பவுல்ராஜ் வூட்டுக்குப் போனீங்களா?

— போனேன். அவரு ஊர்ல இல்லன்னு அந்தம்மா சொல்லுது. செருப்பு வாசல்ல கெடக்குது, உள்ள இருமுற சத்தம் கேக்குது. நான் என்னான்னு சொல்ல? 'சரிம்மா, வந்தா சொல்லு'ன்னுட்டு வந்துட்டேன்.

— லூர்துசாமி மாமா வருவாருல்ல? அவரு எந்த வம்புக்கும் போவாதவரு.

— அவரு வூட்டக் கேக்காத. அப்பன் ஒரு கட்சி, மவன் ஒரு கட்சி. குருத்து ஞாயித்துக்கெழமைல இருந்து மருமவ ஆக்குன சோத்தை மாமனாரு தொடலயாம். மாதையன் கடையில டீயும் பன்னும் தின்னுட்டுக் கெடக்குறாரு எழுவது வயசுல.

— மாதையன் கடையில மட்டும் என்ன வாழுதாம்? நேத்து பாலு வாங்கப் போனேன். இருந்த பெஞ்சு ரெண்டையும் முதுகு பாத்த மாதிரி திருப்பிப் போட்டு வெச்சிருக்காரு. 'என்னாங்கண்ணா இது'ன்னேன். 'என்னா பண்றதும்மா, எதுக்கெதுக்க குந்துனா டம்ளர் ஒடையுது'ங்குறாரு.

— எனக்கு மனசே வுட்டுப் போச்சு மேரி. எலெக்சன் இன்னைக்கு நேத்தா வருது? முன்னயும் சண்டை போட்டாங்க, கொடிக்கம்பத்தப் புடுங்குனாங்க. ஆனா பெரிய வெள்ளி அன்னிக்கு எல்லாரும் ஒரே சிலுவையத்தான தோள் மாத்தித் தூக்குனாங்க. இந்த வாட்டி என்னமோ வேற. பாக்குற பார்வையே வேற.

— வேற யாரு வூட்டுக்கும் போவலயா?

— எல்லா வூட்டுக்கும் போனேன். ஒருத்தனுக்கு இடுப்பு வலி, ஒருத்தனுக்கு ஓசூர்ல வேலை, ஒருத்தன் தக்காளிக்கு மருந்து அடிக்கணுமாம். பூசை சாயந்தரந்தானப்பான்னா, சாயந்தரமும் அடிப்பானாம். ஒரு ஆளு கூட சரின்னு சொல்லல. சாமிகிட்ட நேராப் போயி நின்னேன். 'சாமி, இந்த வருசம் எனக்குப் பன்னெண்டு காலு கெடைக்கல'ன்னேன்.

— சாமி என்ன சொன்னாரு?

— 'நீங்க வூட்டுக்குப் போங்க உபதேசியாரே, நான் ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் கூப்புட்டுப் பேசுறேன்'னாரு. மத்தியானமே எல்லாரும் கூடிட்டாங்க, நான் கோயில் வேலைய முடிச்சிட்டு இப்பத்தான் வர்றேன். சூசை கட்சியில இருக்குற நம்ம ஆண்டனியையும் வரச் சொல்லியிருக்காரு. என்ன ஆனாலும் எந்தம்பி எனக்கு எறங்கி வராமயா போயிருவான்?

— ஏங்க.

— என்னா?

— ஒண்ணுமில்ல. காப்பித்தண்ணி வெக்கட்டுமா?

— வெய்யி. வியாழக்கிழமைக்குப் பித்தளைச் செம்பைப் புளி போட்டு வெளக்கி வெச்சிரு. சாமி காலத் தொடைப்பாரு, தண்ணி ஊத்துறது நாந்தான. செம்பு பளிச்சுன்னு இருந்தாத்தான் சனங்களுக்கும் பாக்க நல்லா இருக்கும்.

— சரிங்க. கேட்டுல யாரோ வர்றாங்க. ஆண்டனிதான்.

— வாடா ஆண்டனி. குந்து. என்னாச்சு?

— இருக்கட்டுங்கண்ணா, நிக்கிறேன். சிம்பிளா சொல்லிட்டுப் போயிடுறேன்.

— தம்பி, வந்ததும் வராததுமா கெளம்புறேங்குற. காப்பி கொதிக்குது.

— வேணாங்கண்ணி. அண்ணா, பன்னெண்டு பேரு ஆயிடுச்சு.

— ஆயிடுச்சா? நெசமாவா? மேரி, கேட்டியா?

— கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.

— சிம்பிளா சொன்னா, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. பீடத்துக்கு ரெண்டு பக்கமும் பிரிச்சுக் குந்திக்கிறது. சூசை அண்ணனும் பவுல்ராஜ் அண்ணனும் எதுக்கெதுக்க வராம ஓரத்துக்கு ஒருத்தரு.

— பிரிச்சுக் குந்துனா குந்திட்டுப் போறாங்கடா. வந்தாப் போதும். தண்ணி? தண்ணிய மாத்தணும்னு சொன்னாங்களா?

— சொன்னாங்க. ரெண்டு பேசின் கேட்டாங்க. சாமி ஒத்துக்கல. 'ஏசு ஒரு பாத்திரத்துலதான் கழுவுனாரு, என் கோயில்லயும் ஒரு பாத்திரந்தான், இல்லன்னா பூசையே கெடையாது'ன்னுட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் எறங்கி வந்துட்டாங்க.

— அப்பா. இப்பத்தான்டா மூச்சு வந்துச்சு. உனக்குக் கோடி புண்ணியம். அந்தக் காப்பியக் குடிச்சிட்டுப் போ.

— அண்ணா, இன்னும் ஒண்ணு இருக்குது.

— சொல்லு.

— அண்ணி, நீங்களே சொல்லிடுங்களேன்.

— நான் என்னா சொல்றது? பேசிட்டு வந்தது நீதான, நீயே சொல்லு தம்பி.

— என்னடா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்துக்குறீங்க? யாராச்சும் செத்துட்டாங்களா?

— அப்படியெல்லாம் இல்லண்ணா. இந்த வருசம் தண்ணி நீங்க ஊத்த வேணாம்னு சொல்றாங்க.

— யாரு? சூசையா?

— சூசை அண்ணன் பக்கமும் சொன்னாங்க.

— பவுல்ராஜ் பக்கம்?

— அவங்களும்.

— நீ என்ன சொல்றன்னே எனக்கு வெளங்கல. நான் என்னாத்தப் பண்ணேன்? நான் எந்தக் கட்சியிலும் இல்ல. கொடி புடிச்சதில்ல, கூட்டத்துக்குப் போனதில்ல. உபதேசியாருன்னா எல்லா வூட்டுச் சாவுக்கும் முன்னால நின்னு செபம் சொல்லணும், அதுக்குன்னே ஒதுங்கி இருந்தவன்டா நான்.

— இந்தப் போட்டோவப் பாருங்க. உங்ககிட்ட பட்டன் போனு, உங்களுக்கு வந்திருக்காது.

— எந்தப் போட்டோ? இது மாதா கெபித் திருவிழா அன்னிக்கு எடுத்தது. அந்த வேட்பாளரு கேட்டுக்கு வந்து நின்னாரு. யாரு வந்து நின்னாலும் நம்ம கோயில் மரியாதை பொன்னாடைதான. தான் போட்டா பேப்பர்ல வரும்னு சாமி என்னைப் போடச் சொன்னாரு, போட்டேன்.

— அப்படியே தள்ளிப் பாருங்க. அடுத்தது.

— இது மத்தவரு. குருத்து ஞாயிறு வந்தாரு. அவருக்குந்தான் போட்டேன். ரெண்டு பொன்னாடையும் காரிமங்கலத்துல ஒரே கடையில ஒண்ணா வாங்கினது. ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடாம இருந்தாத்தான தப்பு?

— அண்ணா, நீங்க ரெண்டையும் சேத்துப் பாக்குறீங்க. எங்க வாட்சப் குரூப்புல, அவங்க வேட்பாளருக்குப் போட்ட ரெண்டாவது போட்டோ மட்டுந்தான் வந்துச்சு. அவங்க குரூப்புல, எங்காளுக்குப் போட்ட மொதல் போட்டோ மட்டுந்தான் போவுது. எங்க ஆளுங்க 'உபதேசியாரு அவங்களுக்கு வேலை பாக்குறாரு'ங்குறாங்க. அவங்க 'உபதேசியாரு இவங்ககிட்ட வாங்கிட்டாரு'ங்குறாங்க.

— சரி, ரெண்டையும் சேத்துக் காட்டுனா முடிஞ்சுது. நீ காட்டலயா?

— சாமியே காட்டுனாருண்ணா. அதுக்கப்புறந்தான் பெருசாச்சு. எங்காளு ஒருத்தன், 'அவருக்குப் போடறப்ப சிரிக்கிறாரு, நம்மாளுக்குப் போடறப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு'ங்குறான்.

— அன்னிக்கு எனக்குக் கடவாப் பல்லு வலிடா. மேரியக் கேளு.

— ஆமாந்தம்பி, கிராம்பு வெச்சுக் கட்டிட்டுத்தான் கோயிலுக்கே போனாரு.

— அவங்க பக்கம் பவுல்ராஜ் அண்ணன் சொல்றாரு, 'சிரிச்சது கேலிச் சிரிப்பு, குனிஞ்சு போட்டது அவனுக்குத்தான்'னு. அப்புறம் ரெண்டு பக்கமும் சேந்து, 'ஒரு பக்கம் நிக்கிறவனையாவது நம்பலாம், ரெண்டு பக்கமும் பொன்னாடை போடுறவன் கையில எப்படிங்க தண்ணி வாங்குறது'ன்னு கேட்டாங்க.

— பவுல்ராஜா கேட்டான்?

— கேட்டது சூசை அண்ணன். ஆமாம்னது பவுல்ராஜ் அண்ணன். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டதே அப்பத்தான்.

— சாமி என்ன சொன்னாரு? சாமி சொல்லித்தான நான் போட்டேன். அத சொன்னாரா?

— ஒண்ணும் சொல்லலண்ணா.

— ஒண்ணுமேவா?

— அப்புறம் 'பூசை நடக்கணும், மத்ததக் கடவுள் பாத்துக்குவாரு'ன்னாரு.

— அப்ப தண்ணி யாரு ஊத்துறது?

— யாரும் ஊத்தல. யாரச் சொன்னாலும் ஒரு பக்கம் எந்திரிச்சாங்க. கடைசியில இருவது லிட்டர் வாட்டர் கேன் வாங்கி, ஸ்டாண்டுல வெச்சி, குழாயத் தெறந்து வுட்டுக்கலாம்னு முடிவாச்சு. கேனுக்குக் கட்சி கெடையாதுன்னு சொன்னாங்க.

— கேனு. கோயில்ல, பெரிய வியாழன் அன்னிக்கு, வாட்டர் கேனு.

— ஏங்க, நெஞ்சப் புடிக்காதீங்க. என்னா பண்ணுது?

— ஒண்ணும் பண்ணல வுடு. ஆண்டனி, நீ அங்க என்ன சொன்ன?

— அண்ணா, அந்த எடத்துல நான் என்ன...

— கைய கிய்ய தூக்கச் சொன்னாங்களா?

— ஆமா.

— நீ?

— தூக்குனேன். சிம்பிளா சொல்றேன், நான் தூக்கலன்னா அண்ணனுக்காகத் தூக்கலன்னு எங்காளுங்க சொல்லுவாங்க. நாளைக்கு நான் அவங்களோடதான நிக்கணும். தப்பா எடுத்துக்காதீங்கண்ணா.

— நம்ம அம்மா செத்தப்ப உனக்கு மீசை கூட மொளைக்கல. உன்னக் காலேஜு வரைக்கும் படிக்க வெச்சது இந்தக் கையி.

— தெரியுங்கண்ணா.

— தெரிஞ்சும் தூக்குன.

— நான் வர்றேங்கண்ணி.

— காப்பி... சரி, போ தம்பி. பாத்துப் போ.

— போயிட்டானா?

— போயிட்டாரு. வண்டி மேட்டுல ஏறிடுச்சு.

— மேரி, உனக்கு முன்னயே தெரியும். 'ஏங்க'ன்னு ஒரு தடவ ஆரம்பிச்ச, அப்புறம் காப்பித்தண்ணின்னு மாத்திட்ட.

— நம்ம பொண்ணு ஸ்டெஃபி முந்தாநேத்தே ஓசூர்ல இருந்து அந்தப் போட்டோவ அனுப்புனா. என் போனுலதான் கெடக்குது. அவ கூட வேலை பாக்குற புள்ளைங்க வரைக்கும் போயிருக்குது. நீங்க வூடு வூடாப் போறப்ப வேணாம்னு சொல்லலாம்னு பாத்தேன். வாயி வரல.

— அவ என்ன சொன்னா?

— திட்டல. அழுவுல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

— என்னாத்த?

— 'அப்பா நெசமா யாருக்கும்மா ஓட்டுப் போடுவாரு'ன்னு. எனக்குப் பதில் தெரியலங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஒண்ணா நடந்து போயி ஒண்ணா மையி வெச்சுக்கிட்டு வர்றோம். ஒரு தடவ கூட நீங்க எங்கிட்ட சொன்னதில்ல.

— ஓட்டை வூட்டுல கூட சொல்லக் கூடாதும்மா. அது உனக்கும் தெரியும். நீயும் எங்கிட்ட சொன்னதில்லயே. அதனால நமக்குள்ள என்ன கொறஞ்சு போச்சு?

— ஒண்ணும் கொறையல.

— ஊரு நம்பல, போவட்டும். கூடப் பொறந்தவன் கையத் தூக்கிட்டான், அதுவும் போவட்டும். நீ என்னை நம்புற. எனக்கு அது போதும். எதுக்கு இப்பக் கதவச் சாத்துற? இன்னும் வெளிச்சமாத்தான இருக்குது.

— மெதுவாப் பேசுங்க, பக்கத்து வூட்டுக்குக் கேக்கும்.

— கேட்டா என்ன?

— நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஸ்டெஃபிகிட்ட கூட. மாதா மேல சத்தியம். எங்கிட்ட மட்டும் சொல்லுங்க... நெசமாலுமே நீங்க எந்தப் பக்கம்?