மாமனாரிடம் கேட்ட அட்டை

வாளையாரில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. எனக்கு முன்சீட்டில் இருவர். வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னார்: "என்ர மாமனார்கிட்ட அடையாள அட்டை கேட்டது தப்புத்தானுங்க."

கண்ணாடி போட்டவர் திரும்பினார். "ஆரு கேட்டது?"

"நம்ம கம்பெனி வாட்ச்மேனுங்க. தேங்கா நார்த்தூள் கப்பல்ல அனுப்பறமல்லங்க, நம்பகமான ஏத்துமதியாளர்னு கஸ்டம்ஸ்ல ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்க. அது இருந்தா கொச்சித் துறைமுகத்துல நம்ம கன்டெய்னரை அடிக்கடி தொறந்து பாக்க மாட்டாங்க."

"நல்லதுதானுங்களே."

"அதுக்கு நம்ம எடம் பந்தோபஸ்தா இருக்கோணும். அட்டை காட்டாம ஒருத்தரையும் உள்ள உடாதேன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க. மாமனாரு, கொழுந்தியா கல்யாணப் பத்திரிகை வெக்கத் தாம்பாளத்தோட வந்தாருங்க."

"ஊட்டுக்குத்தானே வந்திருப்பாரு?"

"ஊடும் அதே காம்பவுண்டுக்குள்ளதானுங்க. அட்டை இல்லீன்னதும், தாம்பாளத்த வாசல்லயே வெச்சுட்டுப் போங்கன்னானாம் வாட்ச்மேன்."

பஸ் நகராதது எனக்கு நல்லதாகப் போயிற்று.

"சர்டிபிகேட் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க."

"கல்யாணத்துக்குப் போனீங்களா?"

"போனனுங்க. மண்டபத்து வாசல்ல மாமனாரு நின்னு எல்லாரையும் கும்புட்டு உள்ள அனுப்பிட்டிருந்தாரு. என்னையப் பாத்ததும் கையை நீட்டி அட்டை கேட்டாருங்க."

"காட்டுனீங்களா?"

"போன்ல சர்டிபிகேட் போட்டோ இருந்துச்சு, அதைக் காட்டுனனுங்க. கண்ணாடி போட்டு முழுசாப் படிச்சாரு. இது கொச்சியில செல்லும் மாப்ள, இங்க செல்லாதுன்னுட்டாருங்க."