விழுறதுக்கு வேற ஆளா?

வாய் நீளமாம்! எனக்கு வாய் நீளமாம்! கேட்டியாம்மா இத? போன் பண்ணி, ரொம்ப மரியாதையா, "வெர்லீன், இந்தத் தடவ கடைசிக் கேஸுக்கு நீங்க ஓய்வெடுத்துக்குங்களேன்"ங்குறாரு இந்த ஒத்திகைக் கோர்ட்ட நடத்துற ப்ரொஃபசர் டாக்டர் விட்லோ. ஓய்வு! நான் கேட்டேனா ஓய்வு? ஸ்கூலுக்கு லீவு விட்டாச்சு, கேண்டீன்ல பெரிய சட்டியெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு, கோடை பூரா சும்மாதான கெடக்குறேன்! வருஷத்துல இந்த ஒரு வாரந்தான் எனக்குத் திருவிழா. அதுக்கும் வெச்சாரு ஆப்பு. வா, உக்காரு. நீதான எனக்குப் பதிலா நடிக்க வந்த புது ஆளு? இமோஜீன்? பேங்க்ல இருக்குறவ? என்னவிட சின்னவ மாதிரிதான் தெரியுற, நீன்னே பேசுறேன், கோச்சுக்காத.

இந்தா, கழுத்துப் பட்ட. இதக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். குடுத்தாச்சு. கெளம்புறேன்.

ஐயய்யோ, அப்டிப் போடாத! தலகீழா மாட்டுற பாரு! தாடை உக்கார்ற பக்கம் மேல வரணும். ஆங்... அப்டி. இப்ப மெதுவாத் திரும்பு. தலைய மட்டும் இல்லம்மா, ஒடம்போட திரும்பணும். கழுத்து வலிக்குறவ எங்கயாச்சும் கோழி மாதிரி வெடுக்குனு திரும்புவாளா? உனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரலையா? "ஒரு மணி நேரம் சாட்சி சொல்லிட்டு, பீட்சா சாப்ட்டுட்டுப் போயிடலாம்"னு சொல்லிக் கூட்டியாந்தாங்களா? ம்ம். என்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. நான் அப்போ விழ ஆரம்பிச்சவ, இன்னும் எந்திரிக்கல.

கேஸு தெரியுமில்ல? மிஸஸ் பெல்னு ஒரு அம்மா. கடைக்குப் போறா. அலமாரித் தட்டுலேர்ந்து ஒரு வெள்ளரிக்கா ஊறுகா ஜாடி விழுந்து ஒடஞ்சு கெடக்கு. அந்தத் தண்ணியில வழுக்கி விழுறா. கழுத்து போச்சு. கடக்காரன் மேல கேஸு. அவ்ளோதான். வருஷா வருஷம் இதே கடை, இதே ஊறுகா. சட்டம் படிக்கலாமா வேணாமான்னு முழிச்சிட்டிருக்குற காலேஜ் புள்ளைங்கள ஒரு மாசம் இந்த லா காலேஜுக்குக் கொண்டாந்து தங்க வெச்சு, காலையில வகுப்பு, மத்தியானம் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி, சாயங்காலம் மலை மாதிரி படிக்கக் குடுத்து, கடைசி வாரம் இந்த ஒத்திகைக் கோர்ட்டு. பாதிப் பேர் இந்தப் பக்க வக்கீல், பாதிப் பேர் அந்தப் பக்க வக்கீல், நாம சாட்சி, ஊருல வெட்டியா இருக்குறவன் எல்லாம் தீர்ப்பு சொல்ற ஜூரி.

பாவம்மா அதுங்க! வர்றப்ப எப்டி வருதுங்க தெரியுமா? அப்பனோட கோட்டு, தோள் ரெண்டும் தொங்கும். ஒரு பையன் கைல வெல அட்டை ஆடிட்டே இருக்கு, அதோட நின்னு "யுவர் ஆனர்"ங்குறான்! முதல் வாரம் யாரப் பாத்தாலும் பயம். மூணாவது வாரம் ஆனா பாரு, அப்டியே திமிரு ஏறிடும். போன ஞாயித்துக்கெழம எங்க சர்ச்சுக்கு நாலு பேர் வந்தாங்க. பாஸ்டர் உருகி உருகிப் பிரசங்கம் பண்றாரு, பின்னாடிலேர்ந்து ஒருத்தன், "இது இவரே கண்ணால பாத்ததா, யாராச்சும் சொல்லிக் கேட்டதா?"ன்னு முணுமுணுக்குறான்! நான் சிரிப்ப அடக்க முடியாம பாட்டுப் புஸ்தகத்த மூஞ்சில வெச்சு மறச்சுக்கிட்டேன்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், வாய் நீளம். விட்லோவோட குத்தச்சாட்டு என்னன்னா, சாட்சிக்கு ரெண்டு பக்கம் அடிச்சுக் குடுத்திருக்கோம், அதுல இருக்குறத மட்டுந்தான் சொல்லணும், வெர்லீன் கூடச் சேத்து சொல்றாங்க. ஏம்மா, அந்த ரெண்டு பக்கத்துல என்ன இருக்கு? "நான் விழுந்தேன். வலித்தது." இதுக்கு யாரு அழுவா? மொத வருஷம் சும்மா இடுப்பச் சேத்தேன். அடுத்த வருஷம், வீட்டுல காத்துக்கிட்டிருந்த நாயச் சேத்தேன். ஜூரில ஒரு அம்மா மூக்கச் சிந்துனா! அந்த ருசி விடுமா? அப்றம் ஒரு வருஷம்... புருஷனக் கொன்னுட்டேன்.

முழிக்காத! கதைக்குத்தான். "விழுந்த அன்னிக்கி என்னத் தூக்கிவிட என் வீட்டுக்காரர் இருந்திருந்தா"ன்னு ஒரு பெருமூச்சு விட்டேன் பாரு... சூப்பு ஸ்பூன் விழுந்தாக்கூடக் கேக்கும், அவ்ளோ அமைதி. நெஜ ஜட்ஜா இருந்து ரிடையர் ஆனவரு உக்காந்திருந்தாரு, அவரே கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அதுலேர்ந்து வருஷா வருஷம் என் வீட்டுக்காரர் சாகுறாரு. அந்த மனுஷன், என் ஹெர்மன், ஜூரி பெஞ்சுல உக்காந்து தன்னோட சாவக் கேட்டுட்டே பீட்சா தின்னுட்டிருப்பாரு. பழகிருச்சு அவருக்கு.

ஜெயிச்சிட்டேதான் இருந்தேன்மா! போன வெள்ளிக்கெழம வரைக்கும்! அன்னிக்கித்தான் கடைசிக்கு முந்துன சுத்து, தோத்தாலும் பக்கம் மாத்தி இன்னொரு தடவ வாதாடலாம். எனக்கு வக்கீல் பிரெஸ்டன்னு ஒரு பையன், பிலோக்ஸிங்குற பட்டணத்துக்காரன். தலைய வாரிக்கிட்டு, ஷூவப் பளபளன்னு தொடச்சுக்கிட்டு, இப்பவே கவர்னர் ஆயிட்ட மாதிரி நடப்பான். கடக்காரன் பக்கம் ஜெரிலின்னு ஒரு புள்ள. டெல்டா பக்கம் வயக்காட்டுக்கு நடுவுல சின்ன ஊரு. இத்தனூண்டு இருப்பா. ஒரு மாசமா வகுப்புல ப்ரொஃபசர் எழுப்பிவிட்டு கேள்வி கேட்டா, ஒதடு அசையுமாம், சத்தம் வராதாம். பிரெஸ்டன் எங்கிட்ட, "ஆன்ட்டி, இது அஞ்சு நிமிஷ வேல, அந்தப் பொண்ணு வாயே தொறக்காது"ன்னு சிரிக்கிறான். எனக்கு சுருக்குன்னுச்சு.

அந்தப் புள்ள எந்திரிச்சா. பேப்பர மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டா. கேள்வியே வரல. ஜூரி நெளியுது. ஹெர்மன் இருமுறாரு. கடைசியில, எறும்பு பேசுற மாதிரி, "அம்மா, அங்க, வழுக்கும் ஜாக்கிரதன்னு மஞ்சப் பலக ஏதாச்சும் வெச்சிருந்தாங்களா?"ன்னா. அவ்ளோதான் கேட்டா! அதுக்கப்றம் நடந்தது இருக்கே... கொன்னுட்டாம்மா என்ன! பலகைல ஆரம்பிச்சா. அதத் தாண்டி ஏன் போனீங்க? கண்ணு எங்க இருந்துச்சு? போன்லயா? யாருகிட்ட பேசிட்டு இருந்தீங்க? கால்ல என்ன செருப்பு? கேக்கக் கேக்க முதுகு நிமிருது, கொரலு ஏறுது, பேப்பரக் கீழ வெச்சுட்டா! நானும் சளைக்காம பதில் சொல்றேன், என் தங்கச்சியோட குதிகால் செருப்பு வரைக்கும் வெளிய வந்துருச்சு. பிரெஸ்டன் "அப்ஜெக்‌ஷன், அப்ஜெக்‌ஷன்"னு கத்துறான், எதுக்குன்னு அவனுக்கே தெரியல.

சரி, என் ஆயுதத்த எடுப்போம்னு, கைக்குட்டைய எடுத்து, "என் வீட்டுக்காரர் மட்டும் இருந்திருந்தா"ன்னேன். அவ ஜூரி பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வ பாத்தா. அப்றம் ரொம்பப் பணிவா, "அம்மா, காலையில உங்க மூக்குக் கண்ணாடிய எடுத்துட்டு வந்து குடுத்து, கன்னத்துல முத்தம் குடுத்துட்டுப் போனாரே, அவரு யாரு?"ன்னு கேக்குறா!

எனக்கு வாயடைச்சுப் போச்சு. இந்த வாய்! பதினோரு வருஷத்துல மொத தடவையா அடைச்சுப் போச்சு! ஹெர்மன் என்ன பண்ணணும்? கம்முன்னு இருக்கணும்ல? பீட்சாவோட கையத் தூக்குறாரு! "நாந்தான்"ங்குறாரு! ஜட்ஜு மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு, ஜூரி கீழ விழுந்து சிரிக்குது. கேஸு போச்சு. அதான் விட்லோக்குக் கோவம். புள்ளைங்களோட ஒத்திகைய நாடகமாக்கிட்டேனாம்.

என்னது? மஞ்சப் பலகையா? அந்த ரெண்டு பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னா கேக்குற? நல்லாப் படிச்சிருக்கியே நீ... "பலகை எதுவும் வைக்கப்படவில்லை"ன்னுதான் இருக்கு. ஆமா. நாந்தான்... இருந்துச்சுன்னேன். பெருசா, மஞ்சளா, மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு கண்ணுன்னேன்.

ஏன்னா கேக்குற? கிட்ட வா. யாருகிட்டயும் சொல்லாத, ஜெரிலின்கிட்ட சொல்லவே சொல்லாத. அன்னிக்கிக் காலையில நான் பாத்ரூம்ல பட்டைய மாட்டிட்டு இருக்கேன், உள்ள ஒரு கதவுக்குப் பின்னாடி அழுகச் சத்தம். "அம்மா, என்னால முடியல. எனக்கு வக்கீல் வேலையெல்லாம் ஒத்து வராது. இன்னிக்கி இது முடிஞ்ச ஒடனே பஸ் ஏறிடுறேன், பையெல்லாம் கட்டிட்டேன்"னு போன்ல பேசுறா. அந்தக் கொரலு என் காதுலயே நின்னுருச்சு. அப்றம் அவ எறும்பாட்டம் வந்து நின்னு பலக இருந்துச்சான்னு கேட்டா, இல்லன்னு எப்டிம்மா சொல்றது? இல்லன்னா அவ உக்காந்துடுவா. உக்காந்தா பஸ்தான். பலகைய நான் வெச்சேன், சரி. செருப்பு, போனு, அதுவும் நான் எடுத்துக் குடுத்ததுதான். ஆனா அந்த முத்தம் இருக்கே, அது அவளாப் புடிச்சது! அதுக்கு நான் ஒரு உதவியும் பண்ணல! சொல்லும்போதே பாரு, எனக்குப் புல்லரிக்குது.

தண்ணி வேணுமா? அந்தா, வாசக் கதவோரம் இருக்கு, குடி. இரு, இரு, சத்தம் போடாத, உள்ள ஒரு கொரலு கேக்குதே! கதவுகிட்ட போயிக் கேக்குறேன்... அவளேதான்! நடந்துக்கிட்டே பேசிப் பாக்குறா. வெங்கல மணி மாதிரி! இன்னிக்கிக் கடைசிக் கேஸுக்குப் பக்கம் மாத்தி விட்டிருக்காங்க, தெரியுமா? அவ நம்ம பக்கம். மிஸஸ் பெல்லோட வக்கீலே அவதான். அவளுக்குக் கட்சிக்காரியா அந்தக் கூண்டுல நான் உக்காரணும்மா! அதுக்காக நான் பட்ட அவமானத்துக்கு... கடைசில நீ உக்காரப் போற. வயிறு எரியுது எனக்கு, மறைக்க மாட்டேன். நீ நல்லா விழணும், ஆமா. எதிர்ல யாரு தெரியுமா, அந்தப் பிரெஸ்டன். வெள்ளிக்கெழம பட்ட அவமானத்துக்கு அவன் இன்னிக்கி சாட்சிய உரிச்சு உப்புத் தடவிடுவான். பயப்படாத, நீ வந்து...

இமோஜீன்? ஏம்மா? தண்ணி குடிக்கிறியா? அட, எங்க போனா? கைப்பையவும் காணோம்! பட்டைய நாற்காலியில வெச்சுட்டுப் போயிட்டா! அந்தா, கார் நிக்கிற எடத்துல... என்ன வேகமா ஓடுறா பாரு! ஏய், பாத்துப் போ, இந்த ஓட்டம் ஓடுனா நெஜமாவே விழுவ!

ஆ... யாரு? ஜெரிலினா? வா கண்ணு, வா. மிஸஸ் பெல்லத் தேடுறியா? அந்தம்மா கெளம்பிட்டாங்க. நான் ஒண்ணும் பண்ணல! சும்மா பேசிட்டுதான் இருந்தேன்! என்ன? கூப்ட்டாச்சா? ஜட்ஜு வந்துட்டாரா? டாக்டர் விட்லோ தலைல கை வெச்சு உக்காந்துட்டாரா? சரி, வேற வழியில்லாமத்தான் சொல்றேன்... பின்னாடி வந்து இந்தப் பட்டைய மாட்டிவிடு. இன்னும் இறுக்கு. ஆங்! ஆ, வலிக்குது, நல்லா வலிக்குது!

சொல்றேன், சொல்றேன், பேப்பர்ல இருக்குறதத்தான் சொல்வேன். பலகையா? எந்தப் பலக? நான் பாக்கவே இல்லையே. ஆமா கண்ணு, நீ எப்ப ஊருக்கு பஸ் ஏறுற?... போகலையா? என்னது, அடுத்து இங்கயே வந்து சட்டம் படிக்கவா? ஐயோ, என் தங்கமே! நான் அழல, பட்ட குத்துது. கையப் புடி, மெதுவாக் கூட்டிட்டுப் போ, கழுத்து ஒடஞ்சவ நானு.

சரி சரி, சத்தியமா. இன்னிக்கி உனக்காக ஹெர்மன உயிரோட விட்டுடுறேன்.